முயலின் காது

அங்கோலாவிலிருந்து மின்னஞ்சல் வந்தது, செவ்வாய்க்கிழமை.
உங்கள் முயலை எங்களுக்குத் தருவீர்களா,
போர்த்துகீசிய எழுத்தோடு,
பத்தாயிரம் பிரதிகள்.
கடைசியில் ஒரு வரி:
பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது?

துஸ்லாவில் எங்கள் அலுவலகம்
ரொட்டிக்கடைக்கு மேலே மூன்று அறை.
கணக்கும் நானே, கோப்பும் நானே,
அச்சு இயந்திரத்துக்கு மை வாங்குவதும் நானே.
மாலைக்குள் பதில் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

கண்ணியில் சிக்குகிற பிராணி
கண்ணிவெடிப் பலகைக்கு முன்னால்
முன்னங்காலைத் தூக்கியபடி நிற்கிறது.
கீழே வைக்கவில்லை.
அவ்வளவுதான் படம்.

நம்முடையதுதானே, என்றார் இயக்குநர் லியூபிட்சா.
நாம் அச்சடித்தோம், நாம் ஒட்டினோம்,
பள்ளிச் சுவரில், பேருந்து நிறுத்தத்தில்,
இருபத்தெட்டு வருடம்.
அறங்காவலர் குழுவும் அதையே சொன்னது,
எல்லாக் கைகளும் உயர்ந்தன.
தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று
சாதிக்கிற ஊரல்ல இது.
எங்கள் முயலுக்கு நாலும் இருந்தாக வேண்டும்.
அதற்காகத்தான் வரைந்தது.

தொண்ணூற்றேழாம் வருடக் கோப்பில்
மை வாங்கிய ரசீது இருந்தது.
ஒப்பந்தம் இல்லை.
தன்னார்வலர் பட்டியல் ஒன்று,
அதில் பதினோராவது பெயர், பென்சிலில்:
வெஹித். படங்கள். சம்பளம் கிடையாது.

எழுதிக் கொடுக்காதவரை அவருடையது,
சரயேவோ வழக்கறிஞர் தொலைபேசியில் சொன்னார்.
தொண்டு வேறு, தானம் வேறு.
குறித்துக்கொள்ளும்போதுதான்
கையிலிருந்த கோப்பையைப் பார்த்தேன்.
கோப்பையில் முயல்.
நிதி திரட்ட அடித்தது, நானூறு,
ஒன்று பன்னிரண்டு மார்க்.
விற்ற கணக்கு என் கையெழுத்தில் இருக்கிறது.

வெஹித் இப்போது கிராட்ஸில் டிராம் ஓட்டுகிறார்.
கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிட ஓய்வு,
அதற்குள் பேச வேண்டும்.
தாள்களை விரித்தேன்.
இது உரிமை மாற்றம், இது உரிமம்,
வீட்டை விற்பதற்கும்
சாவியைக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்றேன்,
வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம்.
அவர் காதில் விழவில்லை.
சுவரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காதை யார் நிமிர்த்தியது?

இடது காது மடிந்திருக்கும், என்றார்,
மடித்துத்தான் வரைந்தேன்.
ஏதோ ஒரு மறுபதிப்பில்
பிழையென்று நினைத்து யாரோ
கணினியில் நீட்டியிருக்கிறார்கள்.
அதுவும் எங்கள் கோப்பில் இல்லை.

ஏன் மடிந்தது, கேட்டேன்,
பெரிய காரணம் எதற்கோ தயாராகி,
பேனாவைக்கூட மூடிவைத்து.

தாள் அங்கே முடிந்துவிட்டது, என்றார்.
அந்த வருடம் பெரிய தாள் ஏது?

உரிமத்தில் கையெழுத்துப் போட்டார்.
மற்றதைத் திருப்பி என்னிடமே நகர்த்தினார்.
வெடி புதைந்த எந்த மண்ணிலும் ஒட்டலாம்,
காசு வேண்டாம், பெயரும் வேண்டாம்.
கோப்பையில் கூடாது.
காது மடிந்திருக்க வேண்டும்.
மணி அடித்து டிராம் கிளம்பியது, என்னையும் ஏற்றிக்கொண்டு.
டிக்கெட் வாங்கவில்லை என்பது
மூன்றாவது நிறுத்தத்தில் நினைவுக்கு வந்தது.

அங்கோலாவுக்கு எழுதினேன்:
முயல் எங்களுடையதல்ல.
இத்துடன் அனுப்பியிருக்கிறோம்.
காதைத் தொடாதீர்கள்.

பட்டியலில் இன்னும் பதினாறு பெயர்கள்.
வானொலி அறிவிப்பு எழுதியவர், வரைபடம் தைத்த பெண்,
புகைப்படங்கள், யார் எடுத்ததென்றே தெரியாதவை.
தினம் ஒருவருக்கு எழுதுகிறேன்.
இரண்டு கடிதங்கள் திரும்பிவிட்டன.

விற்காத கோப்பைகள் முப்பத்தொன்று
மூன்றாவது அறையில் கிடக்கின்றன.
அவற்றில் காபி குடிக்கலாமா என்று
வழக்கறிஞரிடம் இன்னும் கேட்கவில்லை.